கவிழ்த்துப் பார்த்தவர்

என் பெரியப்பா எந்த நாற்காலியிலும் அதைக் கவிழ்த்துப் பார்க்காமல் உட்கார்ந்ததில்லை. யார் வீட்டு நாற்காலி, என்ன சமயம் என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது. துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் நாற்காலியைத் தலைகீழாகப் புரட்டி, நாலு காலையும் ஆட்டி, அடிப்பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் உட்கார்ந்து முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொள்வார். சாப்பாட்டுக்கு இலை போட்டால் இலையின் முதுகைப் பார்ப்பார். போட்டோவைக் கையில் கொடுத்தால் அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கீங்க" என்பார். என் முதல் கதை பத்திரிகையில் அச்சானபோது பெருமையோடு அவர் கையில் கொடுத்தேன். புரட்டினார். கதை முடிந்த பக்கத்தின் மறுபுறத்தில் ஒரு கூந்தல் தைல விளம்பரம் இருந்தது. அதை முழுக்க நிதானமாகப் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்று திருப்பிக் கொடுத்தார். இன்றுவரை என் எழுத்துக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, தொழில் அப்படி. ஆம்பூரில் ஒரு சாயபுவின் டேனரியில் அவர் செலக்டர். பதனிட்ட தோல்களைப் பார்த்துத் தரம் பிரிப்பது வேலை. தோலின் மேல்பக்கம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். உரித்தவனின் கத்தி எங்கே வழுக்கியது, மாடு உயிரோடு இருந்தபோது பூச்சி எங்கே துளைத்தது என்பதெல்லாம் உள்பக்கத்தில்தான் தெரியும். "மேல்பக்கம் மினுக்கும், உள்பக்கம்தான் பேசும்" என்பார். மேசைமேல் விழும் ஒவ்வொரு தோலையும் ஒரே வீச்சில் புரட்டி, ஒரு பார்வை பார்த்து, "ஃபஸ்ட்", "செகண்ட்", "தேர்ட்", "ரிஜெக்ட்" என்று ஒரே ஒரு சொல் சொல்லுவார். அதற்கு மேல் அப்பீல் இல்லை. முதலாளி சாயபுவே வாய் திறக்க மாட்டார்.

அந்த நாலு சொல்லையும் டேனரியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் தேவலை. கூடவே கொண்டுவந்துவிடுவார். குழம்பு செகண்ட். புது ஸ்டேஷன் மாஸ்டர் ஃபஸ்ட். ஞாயிற்றுக்கிழமை கோயிலை விட்டு இறங்கும்போது (நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்கும் அது கோயில்தான்) "இன்னிக்குப் பிரசங்கம் செகண்ட். நடுவுல ஒரு ஓட்டை விழுந்துடுச்சு" என்று போதகர் ஐயா காதில் விழும்படியே சொல்லுவார். வேலூர்க் காலேஜில் நான் இன்டர்மீடியட் பரீட்சையில் இரண்டாம் தடவையும் தோற்று வந்தபோது வீட்டில் எல்லாரும் அழுதார்கள். அவர் மட்டும் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என் அப்பாவிடம், "தேர்டுதான். ஆனா ரிஜெக்ட் இல்ல. பூட்ஸுக்கு ஆவாட்டியும் பெல்ட்டுக்கு ஆவான்" என்றார். பெரியம்மாவை மட்டும் அவர் எந்தத் தரத்திலும் போட்டதில்லை. போட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர் குடும்பத்துக்கு ஒரு வண்டி வாங்கப் புறப்பட்டார்.

காரணம் பெரியம்மாவின் கால். பாலாற்றுக்கு அக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது இருவரும் வந்த ஜட்கா, கரைச் சரிவில் குடை சாய்ந்தது. பெரியப்பாவுக்குத் தலைப்பாகை அவிழ்ந்தது. பெரியம்மாவுக்குக் கணுக்கால் ஒடிந்தது. ஓட்டி வந்த காதர் பாய்க்கும் அவருடைய குதிரைக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பெரியப்பாவின் கண்ணில் அதுவே பெரிய சந்தேகமாகிவிட்டது. "அவன் வண்டில இருசு மட்டம்" என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு சக்கரத்தையும் கோத்துத் தாங்குகிற அச்சுக்குத்தான் இருசு என்று பெயர். மூங்கில் பட்டை வைத்துக் கட்டி, கால் ஒருவழியாகக் கூடியது. ஆனால் தூரம் நடக்க வராது. கோயிலோ ஊருக்கு மறுகோடியில், ரயில்வே கேட்டுக்கு அப்பால். "சொந்த வண்டி வாங்கறேன். அதுவரைக்கும் வாடகை வண்டில கால் வைக்கக் கூடாது" என்று பெரியப்பா ஆணை போட்டுவிட்டார்.

பெரியம்மாவுக்குக் கோயில் என்றால் பாட்டு. பாட்டுக்குழுவின் முதல் குரல் அவருடையது. அவர் இல்லாத ஞாயிறுகளில் ஆண்கள் ஒரு பக்கமும் ஆர்மோனியம் ஒரு பக்கமுமாக இழுக்க, நடுவில் பாட்டு அநாதையாக நிற்கும். அவர் வீட்டுக்குள்ளேயே நொண்டி நொண்டி நடந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிற எருமைகளுக்குப் பாடிக்கொண்டிருந்தார். அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. நெல்லும் வேர்க்கடலையும் வாழைத்தாருமாகக் கோயில் நிறையும் அந்த நாளில் முதல் பாட்டு எப்போதும் பெரியம்மாவுடையது.

"பண்டிகைக்குள்ள வண்டி வந்துடுமாங்க?" என்று கேட்பார்.

"அவசரப்பட்டா ஆவாதுடி. பாக்கணும்."

"பாருங்க, பாருங்க. நீங்க பாத்து முடிக்கறதுக்குள்ள நாலு பேர் தூக்கற வண்டி எனக்கு வந்துடும். அதையும் கவிழ்த்துப் பாத்துட்டு அனுப்புங்க."

பெரியப்பாவின் நிபந்தனைகள் மூன்று. வண்டி கவிழக் கூடாது. காசைக் கடிக்கக் கூடாது. பார்க்கிறவன் சிரிக்கக் கூடாது. இந்த மூன்றும் ஒருங்கே பொருந்திய வாகனம் போதகர் ஐயா பிரசங்கத்தில் வானத்துக்கு ஏறிப் போகிற அக்கினி ரதம் ஒன்றுதான் என்று நான் சொன்னேன். "அதுக்கும் அடியில இன்னா இருந்துச்சுன்னு எவன் பாத்தான்?" என்றார்.

வெள்ளிக்கிழமை டேனரிக்கு விடுமுறை. வெள்ளிதோறும் வண்டி பார்க்கக் கிளம்புவோம். வெள்ளைக்காரன் யாராவது வண்டி விற்க வந்தால் இங்கிலீஷ் பேச வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். அந்த இங்கிலீஷில்தான் நான் இரண்டு தடவை தோற்றிருந்தேன் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. மறுபுறம் பார்க்காமல் அவர் வாங்கிய ஒரே சரக்கு நான்தான்.

முதலில் வந்தது ஒரு வில்வண்டி. கலவை என்ற ஊரிலிருந்து ஒரு விவசாயி ஜோடி மாட்டோடு கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். விலை கம்மி. நிதானமான வண்டி, கவிழ நினைத்தாலும் அதற்குப் பொழுது போதாது. பெரியம்மா ஜன்னலிலிருந்தே, "இது போதுங்க" என்றார். ஆனால் பெரியப்பாவின் கண் வண்டிமேல் விழவில்லை, மாட்டின்மேல் விழுந்தது. விழுந்த கண் செய்கிற வேலையைச் செய்தது. இடது மாட்டின் முதுகை உள்ளங்கையால் நீவினார். வலது மாட்டின் தொடையருகே குனிந்தார்.

"இடது மாடு ஃபஸ்ட். வலது மாட்டுக்குத் தொடையில சூடு போட்ட தழும்பு கீது. அது செகண்ட்."

கலவைக்காரருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் மாட்டுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். "ஐயா, அது உசுரோட கீதுங்க."

"இப்ப கீது" என்றார் பெரியப்பா, விட்டுக்கொடுக்காமல்.

கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் கலவைக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த மாடுகள் அவ்வளவு வேகமாக ஓடும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும்.

அடுத்தது குடியாத்தத்தில் ஒரு பெரிய வீட்டுக் கோச்சு வண்டி. கண்ணாடி ஜன்னல், பித்தளை விளக்கு, மெத்தென்ற தோல் இருக்கை. ஏறி உட்கார்ந்தால் ஊரே எழுந்து நிற்கும். பெரியப்பா ஏறி உட்காரவில்லை; இருக்கையைப் பெயர்த்துக் கவிழ்த்தார். விரலால் ஒரு இடத்தைத் தடவினார். பிறகு, தொலைந்துபோன உறவுக்காரனைச் சந்தையில் கண்டவர்போல, "டேய், இது நான் தள்ளின தோல்டா" என்றார்.

வீட்டுக் கணக்கப்பிள்ளைக்கு ரோசம் வந்துவிட்டது. "ஐயா, இது சீமைத் தோல். கப்பல்ல வந்தது."

"வரும்யா. நான் ரிஜெக்ட் பண்ணதை மெட்ராஸ்ல எவனோ வாங்கி சீமைக்கு அனுப்பியிருப்பான். அங்க மினுக்கி, திருப்பி அனுப்பியிருக்கான். போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோட. இங்க பாரு, இந்த ஓட்டைய எனக்குத் தெரியாதா?"

தான் வேண்டாமென்று தள்ளியதன்மேல் தானே காசு கொடுத்து உட்காருவது எந்த மானமுள்ள செலக்டரால் முடியும்? கோச்சும் போயிற்று.

டேனரியில் முதலாளி சாயபு கேலி செய்தார். அவருக்கு மோட்டார் இருந்தது. "இன்னா செலக்டர் சாப், எதுக்கு இந்தப் பேஜாரு? மோட்டார் வாங்குங்க. குதிரை சும்மா நிக்கும்போதும் தின்னும். மோட்டார் நிக்கும்போது திங்காது."

"நிக்கும்போது திங்காது சாப். ஓடும்போது ஆளைத் தின்னுடும்."

சொன்னாரே தவிர, சாயபு மோட்டாரில் வந்து இறங்குகிற கேட்டில் தான் எதில் வந்து இறங்குவது என்ற அரிப்பு உள்ளுக்குள் இருந்தது. உலக யுத்தம் முடிந்து தோல் விலை விழுந்திருந்த சமயம். புது மோட்டாரெல்லாம் கனவு. வேலூரில் ஓய்வு பெற்ற ஒரு சப்-ஜட்ஜ் தமது பழைய மோட்டாரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ரயில் ஏறினோம். டேனரியிலிருந்து வாட்டசாட்டமான ஆறு ஆட்களும் கூட வந்தார்கள்.

"இவங்க எதுக்குப் பெரியப்பா?" என்றேன்.

"புரட்ட" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதே புரிந்திருந்தால் காட்பாடியிலேயே இறங்கி ஓடியிருப்பேன்.

ஜட்ஜ் தங்கமான மனிதர். மோட்டார் போர்டிகோவில் கறுப்பாக, பளபளப்பாக, ரப்பர் குமிழ் வைத்த ஊதுகுழலோடு நின்றது. "இந்த வண்டி இதுவரை ஒரு அபாயத்தையும் கண்டதில்லை" என்று தீர்ப்பு வாசிக்கும் குரலில் சொன்னார்.

"ஒரு தடவைகூடக் கவிழ்ந்ததில்லீங்களா?" என்றார் பெரியப்பா.

"ஒருபோதும் இல்லை."

பெரியப்பாவின் முகம் விழுந்தது. என்னைத் தனியே இழுத்தார். "இதுதாண்டா பேஜாரு. குறை தெரிஞ்ச தோலை விலை கம்மி பண்ணி வாங்கிடலாம். குறையே தெரியாத தோல்தான் கப்பல் ஏறினப்புறம் மானத்தை வாங்கும். அடியில பாத்தே ஆவணும்."

எங்களுக்குக் காப்பி சொல்ல ஜட்ஜ் உள்ளே போனார். டிரைவர் வெற்றிலை வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தார். பெரியப்பா கையை உயர்த்தினார். ஆறு பேரும் ஒரு பக்கமாகக் குனிந்து, ஊறின தோலைத் தொட்டியிலிருந்து இழுக்கும்போது போடுகிற அதே ஐலசாவைப் போட்டு, ஒரு மூச்சில் மோட்டாரைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டார்கள். ஊதுகுழலின் குமிழ் தரைக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, சூடு போட்ட கன்றுபோல நீளமாக ஒரு கூச்சல் போட்டு அடங்கியது. எண்ணெய் ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாக ஓடி, ஜட்ஜின் ரோஜாப் பாத்தியில் சமாதானமாகக் கலந்தன.

ஜட்ஜ் திரும்பி வந்தார். தம் மோட்டாரின் வயிற்றை அவர் அதுவரை பார்த்ததில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "என்ன இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இதற்காகத்தானே என்னைக் கூட்டி வந்தது? "கனம் கோர்ட்டார் அவர்களே, எதிர்த்தரப்பையும் விசாரிக்கிறோம்" என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னேன். பரீட்சையில் இப்படி ஒரு வாக்கியம் வந்திருந்தால் நான் பாஸ்.

அந்த நேரம் பார்த்து, அடியிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது: "நாலு எடத்துல கசியுது. தேர்ட்."

மோட்டாரை நிமிர்த்தி வைத்தோம். அது கிளம்ப மறுத்தது. நாங்கள் கிளம்பினோம். ஜட்ஜ் கேட்டைக் காட்டினார். காப்பியும் வரவில்லை. வழக்கமாக இருட்டின பிறகு ஊர் திரும்புகிறவர்கள், அன்று வெயில் தாழுமுன்பே ஆம்பூரில் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி, செலக்டருக்குப் பயந்த தோல் வியாபாரிபோலத் தயங்கித் தயங்கி வந்துகொண்டிருந்தது.

அது கேட்டுக்கு வருமுன்பே எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு ஜட்கா புழுதி பறக்க ஓடிவந்து கேட்டின் மறுபக்கம் நின்றது. குதிரையை எனக்குத் தெரியும். காதர் பாய் வண்டி. உள்ளே ஒரு அம்மாள் வளைவுக் கம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குடையைத் தூக்கித் தாளம் போட்டு, அறுப்பின் பண்டிகைப் பாட்டை அந்தத் தெருவே அதிரப் பாடிக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் கண்ணும் அங்கே போய் நின்றது. கூட்ஸ் வண்டி குறுக்கே வந்தது. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் பெரியம்மா பாடிக்கொண்டிருந்தார். அடுத்த இடைவெளியில் வாய் மூடியிருந்தது. அடுத்ததில் குடை விரிந்து முகத்தை மறைத்தது. கடைசிப் பெட்டி கடந்தபோது குடை மடங்கி மடியில் கிடந்தது. பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட் திறந்தது. பெரியப்பா நேரே போய் ஜட்காவின் பின்னால் நின்றார்.

"இறங்குடி."

"மாட்டேன். கால் வலிக்குது."

"எத்தினி நாளா நடக்குது இது?"

"நீங்க வெள்ளிக்கிழமை வண்டி பாக்கப் போறீங்க. நான் பாட்டு பழகப் போறேன். பண்டிகை வருதில்ல?"

"இது கவிழ்ந்த வண்டிடி. தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் ஏறினேன். இது கவிழ்ந்தா எப்படி இருக்கும்னு எனக்கு அத்துப்படி. நீங்க பாக்கற வண்டியெல்லாம் இனிமேத்தான் கவிழணும். குறை தெரிஞ்ச தோல் தேவலைன்னு தினம் சொல்றது யாரு?"

தன் சரக்கையே தன் தலையில் கட்டினால் பெரியப்பாதான் என்ன செய்வார்? ஆனால் செலக்டர் செலக்டர்தான். ஆறு பேரைப் பார்த்தார். குதிரையை அவிழ்த்தார்கள். பெரியம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிக் கேட்மேனின் முக்காலியில் உட்கார வைத்தார்கள். ஐலசா. ஜட்கா கவிழ்ந்தது.

பெரியப்பா மண்டியிட்டார். இருசைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், முழு நீளத்துக்கும் விரலை ஓட்டினார். மோட்டாரைப் பார்த்ததைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

"இருசு எப்ப மாத்தினே?"

"மாத்தலீங்க ஐயா. எங்க வாப்பா காலத்து இருசு" என்றார் காதர் பாய்.

"சக்கரம்?"

"அதே சக்கரந்தாங்க. கடையாணியும் அதேதான்."

பெரியப்பா எழுந்து நின்றார். உண்மையைச் சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது. "ஃபஸ்ட்" என்றார். "ஒரு ஓட்டை இல்ல. இந்த மாதிரி இருசு இந்தத் தாலுக்காவுலயே இருக்காது." பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப அன்னிக்கு ஏன்டா கவிழ்ந்துது?"

காதர் பாய்க்குத் திடீரென்று குதிரையின் காதில் ஏதோ உண்ணி தெரிந்தது. ஆறு பேரும் போய்விட்ட ரயிலைப் பார்த்தார்கள்.

பெரியம்மா முக்காலியிலிருந்தே சொன்னார்: "ஆத்தங்கரைச் சரிவுல இறங்கறப்போ, இருசுல இன்னாவோ சத்தம் வருது, அடியில பாக்கணும்னு சொல்லி, பாதி உடம்பை வெளிய தொங்கப் போட்டுக் குனிஞ்சது யாருங்க?"

"நானா?"

"பின்ன, குதிரையா? 'நடுவுல உக்காருங்க ஐயா'ன்னு பாய் கத்தறாரு. நீங்க, 'இருடா, கேக்குது'ன்றீங்க."

"ஐயா உடம்பு கொஞ்சம் கனம் ஜாஸ்தி" என்றார் காதர் பாய், குதிரையின் காதுக்குள்ளேயே.

"இத்தினி நாளா ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்களையே கவிழ்த்துப் போட்டுப் பாத்திருப்பீங்க. ஒடைஞ்சது என் கால் ஒண்ணோட போவட்டும்னு விட்டுட்டேன்."

பெரியப்பா முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். தலைப்பாகையைச் சரி செய்தார். மேசைமேல் விழுந்த தோலைப் பார்ப்பதுபோலத் தன்னையே ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டார். இரக்கமோ வருத்தமோ இல்லாத அந்த டேனரிக் குரலில், "அப்ப நான் ரிஜெக்ட்" என்றார்.

"ரிஜெக்ட்டா இருந்தா கல்யாணமான மறுநாளே உங்க ஆத்தா வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார் பெரியம்மா. குடையை ஊன்றி எழுந்தார். "தேர்ட். ஏறுங்க. நடுவுல உக்காருங்க."

அந்த வீட்டில் என்னோடு ஒரே தரத்தில் இன்னொருவர் வந்து சேர்ந்ததில் எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுத்தில் சொல்லி முடியாது.

வண்டி எதுவும் வாங்கவில்லை. காதர் பாயின் ஜட்காவை மாத வாடகைக்கு அமர்த்திக்கொண்டார்கள். காசு கடிக்கவில்லை. பார்க்கிறவன் சிரிக்காமலிருக்கப் பெரியம்மா குதிரைத் தலைக்கு ஒரு சிவப்புக் குஞ்சம் வாங்கிக் கட்டினார். அதைப் பார்த்துவிட்டு முதலாளி சாயபு தம் மோட்டாருக்கும் ஒன்று கேட்டதாகச் சொல்வார்கள். பண்டிகை ஞாயிறன்று வாழைத்தார்களுக்கு நடுவே நின்று பெரியம்மா முதல் பாட்டை எடுத்தபோது, ஆர்மோனியம் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே வந்தது. பெரியப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார். பிரசங்கத்துக்குத் தரம் சொன்னார். பாட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்து ஜட்கா கிளம்பியது. நடுவில் ஒருவருக்குத்தான் இடம் என்பதால் நான் பின்னால் நடந்தேன். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது தண்டவாளத்தில் ஏறி இறங்கிய இருசு லேசாகக் கிரீச்சிட்டது. பெரியப்பாவின் தலை இடது பக்கம் மெல்ல வெளியே வந்தது. உடனே உள்ளே போயிற்று. அவர் கோட்டின் நுனி பெரியம்மாவின் கையில் இருந்தது. பெரியம்மா விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தார். தலை மறுபடி வெளியே வந்தது, மறுபடி உள்ளே போயிற்று. தெருமுனை திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு தடவைகூடத் தாளம் தப்பவில்லை.